பழைய கம்ப்யூட்டருக்குப் புது வாழ்வு: கடைக்காரர்கள் லினக்ஸ் போடுவது எப்படி?

சத்திரம் பேருந்து நிலையத்தைச் சுற்றியுள்ள கடைகளிலும், பெரிய கடைவீதி, சின்னக்கடைத் தெரு, காந்தி மார்க்கெட் பகுதிகளிலும், ஆற்றைத் தாண்டினால் ஸ்ரீரங்கத்து வீதிகளிலும் கல்லாப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு கம்ப்யூட்டர் இருப்பது இன்று சாதாரணக் காட்சி. அவற்றில் பல பத்துப் பதினைந்து வருடம் உழைத்தவை. காலையில் சுவிட்சைப் போட்டுவிட்டு, சாமி படத்துக்கு விளக்கேற்றி, டீ குடித்து முடித்த பிறகும் திரையில் சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கும். "இதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்குங்கள்" என்று பார்க்கிறவர்கள் எல்லாம் சொல்லுகிறார்கள். புதிது வாங்கும் பணத்தில் இரண்டு சிப்பம் மிளகாய் வாங்கிப் போட்டால் லாபம் வருமே என்று நாம் யோசிக்கிறோம்.

இதற்கிடையில் 14.10.2025 அன்று விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாப்ட் நிறுவனம் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 7க்கு 14.1.2020லேயே நிறுத்தியாயிற்று. எக்ஸ்.பி.க்கு 8.4.2014லேயே முடிந்த கதை. 2021ல் வந்த விண்டோஸ் 11ஐப் போடலாம் என்றால், அதற்கு டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும், இன்டெல் என்றால் ஏறக்குறைய எட்டாம் தலைமுறைக்குப் பிற்பட்ட பிராசஸரும் வேண்டும் என்பது நிபந்தனை. நம் கடைகளில் இருக்கும் பழைய பெட்டிகள் இந்த வரம்புக்குள் வராது. பெட்டி ஓடுகிறது, ஆனால் அதில் இருக்கும் விண்டோஸுக்குக் கேட்பார் இல்லை. இந்த நிலையில் உள்ள வணிக நண்பர்களுக்கு லினக்ஸ் என்ற வழி ஒன்று இருக்கிறது. அதில் உள்ள நன்மை, தொல்லை இரண்டையும் மறைக்காமல் எழுதுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆதரவு நின்றால் நமக்கு என்ன?

"கம்ப்யூட்டர் நன்றாகத்தானே ஓடுகிறது, ஆதரவு நின்றால் நமக்கென்ன?" என்று கேட்கலாம். மூன்று விஷயங்களைக் கவனிக்க வேண்டும்.

முதலாவது, பாதுகாப்பு. 2017 மே 12 அன்று வான்னாக்ரை என்ற வைரஸ் உலகமெங்கும் பரவியது. விண்டோஸில் இருந்த ஓர் ஓட்டை வழியாக நுழைந்து, கம்ப்யூட்டரில் உள்ள கோப்புகளையெல்லாம் பூட்டிவிட்டு, சாவி வேண்டுமானால் பணம் கட்டு என்று மிரட்டியது. அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாப்ட் இரண்டு மாதம் முன்பே, மார்ச் மாதத்திலேயே வெளியிட்டிருந்தது. திருத்தம் போடாத கம்ப்யூட்டர்களே மாட்டிக்கொண்டன. ஆதரவு நின்ற கம்ப்யூட்டருக்கு இனிமேல் அந்தத் திருத்தமே வராது. பூட்டுப் பழுதான கடையை இரவில் சாத்தி வைப்பது போலத்தான் அது.

இரண்டாவது, சட்டம். நம்மில் பலர் அசெம்பிள் செய்த கம்ப்யூட்டர் வாங்கியவர்கள். அதில் போட்டுக் கொடுத்த விண்டோஸுக்கு லைசென்ஸ் இருக்கிறதா என்று கேட்டு வாங்கியவர்கள் குறைவு. 1957ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவின்படி, திருட்டுப் பிரதி என்று தெரிந்தே ஒரு மென்பொருளைப் பயன்படுத்தினால் 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50 ஆயிரம் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். வியாபார லாபத்துக்காகப் பயன்படுத்தாதவர்களுக்கு நீதிமன்றம் சலுகை காட்ட அந்தப் பிரிவிலேயே இடமிருக்கிறது. கடை வைத்திருப்பவர்கள் அந்தச் சலுகையை எதிர்பார்க்க முடியாது.

மூன்றாவது, கணக்கு. ஜி.எஸ்.டி. சட்டத்தின் 36ஆம் பிரிவு, ஓர் ஆண்டின் கணக்குகளை, அந்த ஆண்டுக்கான ஆண்டு ரிட்டர்ன் கெடுத் தேதியிலிருந்து 72 மாதங்கள் பாதுகாக்கச் சொல்கிறது. 2023-24ஆம் ஆண்டுக்கான கெடு 31.12.2024. ஆகவே அந்த ஆண்டுக் கணக்கு 31.12.2030 வரை நம் கையில் இருந்தாக வேண்டும். அது பழைய ஹார்டு டிஸ்க்கில் மட்டும் இருந்தால் நம் நிலைமை என்ன என்று யோசித்துப் பாருங்கள்.

லினக்ஸ் என்பது என்ன?

கம்ப்யூட்டர் பெட்டி என்பது கடைக் கட்டடம் மாதிரி. அதற்குள் யார் எங்கே உட்காருவது, எந்தச் சரக்கு எந்த அலமாரியில் என்று நிர்வாகம் செய்யும் தலைமைக் கணக்குப்பிள்ளைதான் ஆபரேட்டிங் சிஸ்டம். விண்டோஸ் ஒரு கணக்குப்பிள்ளை. லினக்ஸ் இன்னொருவர்.

1991ல் பின்லாந்து நாட்டு ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் என்பவர் 386 ரகக் கம்ப்யூட்டரில் இதை எழுதத் தொடங்கினார். அதற்கு முன்பே 1983ல் அமெரிக்காவில் ரிச்சர்டு ஸ்டால்மன் என்பவர், மென்பொருள் எல்லோருக்கும் பொதுவாக இருக்க வேண்டும் என்று குனு என்ற திட்டத்தை அறிவித்திருந்தார். இரண்டும் சேர்ந்ததுதான் இன்று நாம் லினக்ஸ் என்று சொல்வது. இதை யாரும் பயன்படுத்தலாம், நகல் எடுக்கலாம், திருத்தலாம். திருத்தியதை வெளியே கொடுத்தால், அதன் பக்குவத்தையும் சேர்த்தே கொடுக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை. மசாலாப் பொட்டலத்தோடு அரைக்கும் கணக்கையும் எழுதிக் கொடுப்பது போல.

"இலவசம் என்றால் அதில் ஏதோ சூட்சுமம் இருக்குமே" என்ற சந்தேகம் வியாபாரிக்கு வருவது இயல்பு. நம் பேருந்து நிலையத்தின் பெயரிலேயே சத்திரம் இருக்கிறது. வழிப்போக்கர் தங்குவதற்கென்று வசதியுள்ளவர்கள் கட்டி வைத்தது சத்திரம். தங்குகிறவர் வாடகை கொடுக்க வேண்டியதில்லை. சத்திரத்தின் ஒழுங்கை மட்டும் கடைப்பிடிக்க வேண்டும். லினக்ஸும் அப்படித்தான். பெரிய கம்பெனிகள் தங்கள் சொந்தத் தேவைக்காகவே இதற்கு ஆள் போட்டு வேலை செய்கின்றன. அந்த வேலையின் பலன் நமக்கும் கிடைக்கிறது. நம் சட்டைப் பையில் இருக்கும் ஆண்ட்ராய்டு போனுக்கு அடித்தளமே லினக்ஸ்தான். தெரியாமலேயே தினமும் அதில்தான் பணம் வாங்கிக்கொண்டிருக்கிறோம்.

தமிழ்நாட்டுக்கும் இது புதிதல்ல. அரசு நிறுவனமான எல்காட், உமாசங்கர் ஐ.ஏ.எஸ். நிர்வாக இயக்குநராக இருந்த காலத்தில், 2006-07 அளவிலேயே தன் அலுவலகக் கம்ப்யூட்டர்களைச் சூசே லினக்ஸுக்கு மாற்றியது. சென்னை சி-டாக் நிறுவனம் பாஸ் என்ற இந்திய லினக்ஸை உருவாக்கியது. 2011ல் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் மாணவர்களுக்குக் கொடுத்த மடிக்கணினிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. உங்கள் வீட்டுப் பரணில் அந்த மடிக்கணினி ஒன்று தூங்கிக்கொண்டிருந்தாலும் ஆச்சரியமில்லை. பக்கத்து மாநிலமான கேரளாவில் அரசுப் பள்ளிகள் பல வருடங்களாக லினக்ஸில்தான் பாடம் நடத்துகின்றன. இ-கோர்ட்ஸ் திட்டத்தில் மாவட்ட நீதிமன்றங்களுக்கு உபுண்டு என்ற லினக்ஸ்தான் கொடுக்கப்பட்டது.

எது தேறும், எது தேறாது?

எல்லாப் பழைய பெட்டியும் தேறிவிடும் என்று நம்பி இறங்கக் கூடாது. சரக்கைத் தரம் பிரிப்பது போல முதலில் பிரித்துக்கொள்ள வேண்டும். பார்க்க வேண்டியவை இரண்டு. ஒன்று, பிராசஸர் 64 பிட்டா, 32 பிட்டா என்பது. இரண்டு, நினைவகம், அதாவது ராம், எத்தனை ஜி.பி. என்பது. விண்டோஸ் ஓடும்போதே 'கம்ப்யூட்டர்' படத்தில் வலது பட்டனை அழுத்தி 'பிராப்பர்ட்டீஸ்' பார்த்தால் ராமின் அளவும் பிராசஸரின் பெயரும் தெரியும். அங்கே 32 பிட் என்று காட்டினால் அது விண்டோஸின் ரகமாகவும் இருக்கலாம். ஆகவே பிராசஸரின் பெயரைக் குறித்துக்கொண்டு விவரம் தெரிந்தவரிடம் கேட்பது நல்லது. 2006க்குப் பிறகு வந்த கோர் 2 டுவோ வகை எல்லாம் 64 பிட்தான்.

முதல் தரம்: 64 பிட், 4 ஜி.பி. ராம். இதில் லினக்ஸ் மின்ட் என்ற லினக்ஸின் எக்ஸ்.எஃப்.சி.இ. பதிப்பு சுகமாக ஓடும். மின்ட் 22 வரிசைக்குக் குறைந்தது 2 ஜி.பி. ராமும் 20 ஜி.பி. டிஸ்க் இடமும் வேண்டும், 4 ஜி.பி. இருந்தால் நல்லது என்று அதைத் தயாரிப்பவர்களே சொல்லியிருக்கிறார்கள். இந்த வரிசைக்கு 2029 வரை திருத்தங்கள் வரும் என்றும் அறிவித்திருக்கிறார்கள். திரையின் அமைப்பு பழைய விண்டோஸ் போலவே கீழே பட்டை, இடது மூலையில் மெனு என்று இருப்பதால் கடைப் பையன்களுக்குப் பழகச் சிரமம் இல்லை.

இரண்டாம் தரம்: 64 பிட், 2 ஜி.பி. ராம். லுபுண்டு, ஆன்டிஎக்ஸ் போன்ற எடை குறைந்த ரகங்கள் பொருந்தும். முடிந்தால் இன்னொரு 2 ஜி.பி. ராம் சேர்த்துவிடுங்கள். பழைய டி.டி.ஆர்.2, டி.டி.ஆர்.3 ராம் செகண்ட் ஹேண்டில் கிடைக்கும்.

மூன்றாம் தரம்: 32 பிட், 1 ஜி.பி. அல்லது அதற்கும் குறைவு. முற்காலப் பென்டியம் 4 பெட்டிகள் இதில் சேரும். ஆன்டிஎக்ஸ் 23 வரிசையும், 2003ல் ஆஸ்திரேலியாவில் தொடங்கிய பப்பி லினக்ஸின் சில பதிப்புகளும் இதில் ஓடும். ஆனால் காலம் இவற்றைக் கைவிட்டுக்கொண்டிருக்கிறது. கூகுள் குரோம் 32 பிட் லினக்ஸுக்குத் தருவதை 2016லேயே நிறுத்திவிட்டது. ஃபயர்பாக்ஸும் நிறுத்தப்போவதாக 2025ல் அறிவித்தது. டெபியன் என்ற பெரிய லினக்ஸ், 2025 ஆகஸ்டில் வந்த தன் 13ஆம் பதிப்பில் 32 பிட் பெட்டிகளில் புதிதாகப் போடும் வசதியை எடுத்துவிட்டது. ஆகவே இந்தப் பெட்டியை இன்டர்நெட் வேலைக்கு நம்ப வேண்டாம். விலைப்பட்டியல், இருப்புக் கணக்கு, கடிதம் அடிப்பது போன்ற உள்வேலைக்கு வைத்துக்கொள்ளலாம்.

இன்னொரு உண்மையும் சொல்ல வேண்டும். லினக்ஸ் கொஞ்ச ராமில் ஓடும். ஆனால் இன்றைய இணையதளங்கள் கொஞ்ச ராமில் ஓடாது. ஜி.எஸ்.டி. போர்ட்டல், வாட்ஸ்அப் வெப், பாங்க் தளம் மூன்றையும் ஒரே நேரத்தில் திறந்தால் எந்தப் பழைய பெட்டியும் மூச்சு வாங்கும். ஒன்றை மூடிவிட்டு அடுத்ததைத் திறக்கும் பழக்கம் வேண்டும்.

முதல் வேலை கணக்கைக் காப்பாற்றுவது

நமக்குத் தெரிந்த மளிகைக்கடைக்காரர் ஒருவர் இருக்கிறார். கம்ப்யூட்டர் மெதுவாக ஓடுகிறது என்று ஒரு சர்வீஸ் ஆளைக் கூப்பிட்டார். வந்தவர் ஒரு வார்த்தை கேட்காமல் டிஸ்க் முழுவதையும் அழித்துவிட்டுப் புதிதாக விண்டோஸ் போட்டுக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். தெருவில் நாற்பது வீட்டு மாதப் பாக்கி அதில்தான் இருந்தது. "ஐயா, கம்ப்யூட்டர் வேகமா ஓடுது, ஆனா யார் எவ்வளவு தரணும்னு எனக்குத் தெரியலையே" என்று நம்மிடம் வந்து சொன்னார். வாடிக்கையாளர்களிடமே கேட்டுக் கேட்டு எழுதினார். தாங்களாகவே வந்து சொன்னவர்கள் பலர். சொல்லாதவர்களும் இருந்தார்கள். அந்த மாதத்திலிருந்து அவர் பழையபடி நோட்டிலும் ஒரு வரி எழுதி வைக்கிறார்.

ஆகவே எந்த மாற்றமும் செய்வதற்கு முன் கீழ்க்கண்டவற்றை முடித்துவிடுங்கள்.

1. கணக்கு மென்பொருளில் பேக்கப் எடுங்கள். அதன் டேட்டா ஃபோல்டரையும் அப்படியே நகல் எடுங்கள். இரண்டு பென் டிரைவில் போட்டு, ஒன்றை வீட்டிலும் ஒன்றைக் கடையிலும் வையுங்கள்.

2. வர வேண்டிய பாக்கி, கொடுக்க வேண்டிய பாக்கி, இருப்பு ஆகிய மூன்று பட்டியல்களையும் காகிதத்தில் அச்சிட்டுக் கோப்பில் போடுங்கள். காகிதத்துக்கு வைரஸ் வராது.

3. எடுத்த பேக்கப்பை வேறொரு கம்ப்யூட்டரில் திறந்து பாருங்கள். திறக்காத பேக்கப் பேக்கப் ஆகாது.

4. முக்கியமான யோசனை இது. பழைய ஹார்டு டிஸ்க்கை அழிக்கவே வேண்டாம். அதைக் கழற்றித் தேதி எழுதிப் பீரோவில் வைத்துவிட்டு, புதிதாக ஒரு சிறிய எஸ்.எஸ்.டி. வாங்கி மாட்டி, அதில் லினக்ஸ் போடுங்கள். 120 ஜி.பி. எஸ்.எஸ்.டி. நம் வேலைக்குத் தாராளம். பழைய டிஸ்க் உள்ளே தட்டு சுற்றிப் படிப்பது. எஸ்.எஸ்.டி.யில் சுற்றுகிற பாகமே கிடையாது. பழைய பெட்டியின் வேகம் கூடுவதில் பாதிப் பெருமை லினக்ஸுக்கு என்றால் மறுபாதி எஸ்.எஸ்.டி.க்குத்தான். லினக்ஸ் ஒத்துவராவிட்டால் பழைய டிஸ்க்கை மாட்டி மறுநாளே பழையபடி ஓட்டலாம்.

பெட்டியைத் திறந்த கையோடு சுத்தமும் செய்துவிடுங்கள். மளிகைக்கடைக் கம்ப்யூட்டருக்குள் மாவுத் தூசியும் மிளகாய்த் தூசியும் அடை போல ஒட்டியிருக்கும். காற்றாடி அடைத்தால் பிராசஸர் சூடேறித் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். மதர்போர்டில் உள்ள சி.ஆர்.2032 என்ற பட்டன் பேட்டரியையும் மாற்றுங்கள். பேட்டரி தீர்ந்தால் ஒவ்வொரு காலையும் தேதி பழைய வருடத்துக்குப் போய்விடும். பில்லில் தேதி தப்பாக விழும். அதோடு பாங்க், ஜி.எஸ்.டி. போன்ற பாதுகாப்பான தளங்களும் திறக்காது. தேதி தப்பானால் தளத்தின் சான்றிதழ் செல்லாது என்று கம்ப்யூட்டர் நினைத்துக்கொள்ளும். இன்டர்நெட் கோளாறு என்று பலர் அலைவது இந்தச் சின்னப் பேட்டரிக்காகத்தான்.

போடும் முறை

வேறொரு நல்ல கம்ப்யூட்டரில், நீங்கள் தேர்ந்தெடுத்த லினக்ஸின் சொந்த இணையதளத்திலிருந்து ஐ.எஸ்.ஓ. என்ற கோப்பை இறக்கிக்கொள்ளுங்கள். வேறு எங்கோ கிடைத்ததை எடுக்க வேண்டாம். 8 ஜி.பி. பென் டிரைவ் ஒன்று வேண்டும். அதில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும் என்பதால் காலியானதாகப் பாருங்கள். ஐ.எஸ்.ஓ. கோப்பைச் சும்மா நகல் எடுத்துப் போட்டால் வேலை செய்யாது. ரூஃபஸ், எட்சர் போன்ற இலவச மென்பொருள் மூலம் எழுத வேண்டும்.

பென் டிரைவைப் பழைய பெட்டியில் செருகி, சுவிட்ச் போட்டவுடன் டெலிட், எஃப்2 அல்லது எஃப்12 விசையைத் தட்டிக்கொண்டே இருங்கள். எந்த விசை என்பது மதர்போர்டுக்கு மதர்போர்டு மாறும். முதல் திரையின் அடியில் எழுதியிருக்கும். அங்கே முதலில் யு.எஸ்.பி.யிலிருந்து தொடங்கு என்று மாற்ற வேண்டும். மிகப் பழைய பெட்டிகள் சிலவற்றுக்கு யு.எஸ்.பி.யிலிருந்து தொடங்கத் தெரியாது. அவற்றுக்கு டி.வி.டி.யில் எழுதிப் போட வேண்டும்.

இப்போது லினக்ஸ் பென் டிரைவிலிருந்தே ஓடத் தொடங்கும். இதை லைவ் முறை என்கிறார்கள். டிஸ்க்கில் எதையும் தொடாமல் முழு லினக்ஸையும் ஓட்டிப் பார்க்கலாம். மாதிரிச் சரக்கைக் கையில் எடுத்துப் பார்த்து, கடித்துப் பார்த்து, பிறகு மூட்டைக்கு விலை பேசுகிறவர்கள் நாம். அதே போல இங்கும் ஒரு மணி நேரம் உட்கார்ந்து சோதியுங்கள். திரை சரியாகத் தெரிகிறதா, இன்டர்நெட் வருகிறதா, பிரிண்டர் அச்சடிக்கிறதா, பார்கோடு மெஷின் படிக்கிறதா, வாட்ஸ்அப் வெப் திறக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். பென் டிரைவிலிருந்து ஓடுவதால் சற்று மெதுவாகத்தான் இருக்கும். அதைக் கண்டு பயப்பட வேண்டாம்.

எல்லாம் சரி என்றால் திரையில் உள்ள 'இன்ஸ்டால்' படத்தை அழுத்துங்கள். மொழி, விசைப்பலகை, நேரம் ஆகியவற்றைக் கேட்கும். நேரத்துக்கு 'கொல்கத்தா' என்று தேர்ந்தெடுத்தால் இந்திய நேரம் வரும். அடுத்து வரும் கேள்விதான் முக்கியம். டிஸ்க்கை முழுதும் அழித்துவிட்டுப் போடவா என்று கேட்கும். பழைய டிஸ்க்கைக் கழற்றிவிட்டுப் புது எஸ்.எஸ்.டி. மாட்டியிருந்தால் தைரியமாகச் சரி என்று சொல்லலாம். பழைய டிஸ்க் உள்ளேயே இருந்தால் இந்த இடத்தில் கையை எடுத்துவிட்டு, தெரிந்தவரைக் கூப்பிடுங்கள். கடைசியாகப் பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும். கடவுச்சொல்லைக் கம்ப்யூட்டர் திரையிலேயே சீட்டில் எழுதி ஒட்டும் பழக்கம் நம் கடைகளில் உண்டு. அதைச் செய்யாதீர்கள்.

வேலை முடிந்ததும் முதல் காரியமாகத் திருத்தங்களை இறக்கிக்கொள்ளுங்கள். இதை வியாபார நேரத்தில் செய்ய வேண்டாம். மதியம் கடையில் கூட்டம் இல்லாத வேளையில் செய்யலாம்.

பிரிண்டர், பார்கோடு, தராசு, தமிழ்

நம் கடைகளில் இன்னும் கரகரவென்று அடித்துக்கொண்டிருக்கும் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர்களில் பெரும்பாலானவை எப்சான் கட்டளைகளைப் புரிந்துகொள்பவை. லினக்ஸில் 'எப்சான் 9 பின்' என்ற டிரைவரைத் தேர்ந்தெடுத்துப் பார்க்கலாம். எச்.பி. பிரிண்டர்கள் பலவற்றுக்கு லினக்ஸ் டிரைவரை அந்தக் கம்பெனியே தருகிறது. ஆனால் கேனன் எல்.பி.பி. 2900 போன்ற சில லேசர் பிரிண்டர்கள் முரண்டு பிடிக்கும். லைவ் முறையில் சோதிக்கச் சொன்னது இதற்காகத்தான்.

பார்கோடு மெஷினில் பெரும்பாலானவை விசைப்பலகை போலவே நடந்துகொள்ளும். செருகினால் போதும். எலெக்ட்ரானிக் தராசைக் கம்ப்யூட்டரோடு இணைத்திருப்பவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. தராசுகள் பல, பழைய 9 ஊசி சீரியல் போர்ட்டில் பேசுபவை. புதுக் கம்ப்யூட்டர்களில் அந்தப் போர்ட்டே இருப்பதில்லை; பழைய பெட்டியில் இருக்கும். ஆனால் எடையைப் படித்துப் பில்லில் போடும் மென்பொருள் லினக்ஸில் ஓடுவதாக இருக்க வேண்டும். அதை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

தமிழில் அடிக்க, 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு ஏற்றுக்கொண்ட தமிழ்99 விசைப்பலகை லினக்ஸிலும் இருக்கிறது. ஆங்கில எழுத்தில் அம்மா என்று அடித்தால் தமிழில் வரும் முறையும் உண்டு. ஒரு சிக்கல் மட்டும் வரும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்து வைத்த விலைப்பட்டியல்கள், அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் குறியீடுகளாகத் தெரியும். பழைய எழுத்துருக் கோப்பை லினக்ஸிலும் நகல் எடுத்துப் போட்டுக்கொள்ளலாம். அல்லது அந்தப் பட்டியலை யூனிகோடுக்கு ஒரே ஒரு முறை மாற்றிவிட்டால் போனிலும் படிக்கலாம், வாட்ஸ்அப்பிலும் அனுப்பலாம். டாட் மேட்ரிக்ஸில் தமிழ் பில் அடித்தால் ஆங்கிலத்தைவிட மெதுவாக வரும். தமிழ் எழுத்தை அது படமாக வரைவதே காரணம்.

கணக்கு மென்பொருள் விஷயம்

இங்கேதான் பலர் ஏமாந்து போகிறார்கள். டேலி விண்டோஸுக்காக எழுதப்பட்ட மென்பொருள். வைன் என்ற ஏற்பாட்டின் மூலம் விண்டோஸ் மென்பொருள்கள் சிலவற்றை லினக்ஸில் ஓட்டலாம் என்றாலும், கடையின் முக்கியக் கணக்கை அந்த நம்பிக்கையில் விடக் கூடாது. டேலியில் முழுக் கணக்கும் வைத்திருப்பவர்கள் அதற்கென்று ஒரு நல்ல விண்டோஸ் கம்ப்யூட்டர் வைத்துக்கொள்வதே சரி. பழைய பெட்டியை லினக்ஸாக்கி இரண்டாவது கம்ப்யூட்டராக வைத்தால், இன்டர்நெட் வேலை, வாட்ஸ்அப் ஆர்டர், பையன்கள் பார்க்கும் வேலை எல்லாம் அதில் போகும். கணக்குக் கம்ப்யூட்டருக்குள் கண்ட கண்ட பென் டிரைவும் மெயிலும் நுழையாது. இதுவே பெரிய லாபம்.

சிறிய கடைக்காரர்களுக்கு லிப்ரே ஆபீஸ் இருக்கிறது. 2010ல் தொடங்கிய இலவச மென்பொருள் இது. எக்ஸெல் கோப்புகளைத் திறக்கும், எழுதும். சிட்டை, பாக்கி, இருப்பு வைக்க இது போதும். இரட்டைப் பதிவு முறையில் பேரேடு வைக்க குனுகேஷ் என்ற இலவச மென்பொருள் உண்டு. ஆனால் அது நம் ஜி.எஸ்.டி. முறைக்கென்று செய்ததல்ல. பிரவுசர் வழியாகவே பில் போடும் சேவைகள் லினக்ஸிலும் வேலை செய்யும். ஜி.எஸ்.டி. ரிட்டர்னும் இ-வே பில்லும் பிரவுசரில் செய்வதுதான் என்பதால் தடையில்லை. தனி உரிமையாளர்கள் போனில் வரும் ஓ.டி.பி. மூலம் ரிட்டர்ன் தாக்கல் செய்யலாம். டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் பயன்படுத்தும் கம்பெனிகள் மட்டும் லினக்ஸில் சிரமப்படலாம். எதுவானாலும் மாற்றும் முன் உங்கள் ஆடிட்டரை ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

வரவு செலவு பார்ப்போம்

லினக்ஸுக்குக் காசு இல்லை. எஸ்.எஸ்.டி., ராம், பேட்டரி மூன்றும் சேர்ந்தாலும் புதுக் கம்ப்யூட்டர் விலையில் சிறு பங்குதான். ஆனால் மின்சாரத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். பழைய பென்டியம் 4 பெட்டியும் பழைய குழாய் மானிட்டரும் சேர்ந்து 150 வாட் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நாளைக்கு 10 மணி நேரம் ஓடினால் ஒன்றரை யூனிட். வருடத்தில் 300 நாளுக்கு 450 யூனிட். யூனிட் 9 ரூபாய் என்றாலும் 4,050 ரூபாய். இந்தப் பணத்தை இரண்டு மூன்று வருடம் சேர்த்தால் செகண்ட் ஹேண்டில் அதைவிட நல்ல பெட்டியே வாங்கிவிடலாம். ஆகவே நாள் முழுதும் ஓட வேண்டிய வேலைக்குக் கோர் 2 டுவோவுக்கு முற்பட்ட பெட்டியில் உழைப்பைப் போடாதீர்கள் என்பதே நம் கருத்து.

எங்கள் மொத்தக் கடையில் 2009ல் வாங்கிய டூயல் கோர் பெட்டி ஒன்றில் ராமை 4 ஜி.பி. ஆக்கி, எஸ்.எஸ்.டி. மாட்டி, மின்ட் போட்டு ஓட்டுகிறோம். ஆர்டர் எடுப்பது, விலைப்பட்டியல் அனுப்புவது, லாரி ரசீது அடிப்பது எல்லாம் அதில்தான். டேலி மட்டும் வேறு கம்ப்யூட்டரில். முதல் இரண்டு வாரம் பையன்கள் முணுமுணுத்தார்கள். இப்போது அதைப் பற்றிப் பேச்சே இல்லை. ஒரு கருவியைப் பற்றிப் பேச்சே இல்லை என்றால் அது ஒழுங்காக வேலை செய்கிறது என்றுதானே அர்த்தம்?

சர்வீஸ் விஷயத்தில் ஒரு குறை உண்டு. விண்டோஸ் தெரிந்த ஆள் தெருவுக்கு ஒருவர் இருப்பார்; லினக்ஸ் தெரிந்தவரைத் தேட வேண்டும். ஆனால் நம் திருச்சியில் கல்லூரிகளுக்குப் பஞ்சமில்லை. கம்ப்யூட்டர் படிக்கும் பிள்ளைகளில் பலர் லினக்ஸை லேபிலேயே பழகியவர்கள். உங்கள் வீட்டிலோ வாடிக்கையாளர் வீட்டிலோ அப்படி ஒரு பிள்ளை இருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை அழைத்து, சாப்பாடு போட்டு, உரிய கூலியும் கொடுத்துச் செய்யச் சொல்லுங்கள். 'தெரிந்த பையன்தானே' என்று கூலி கொடுக்காமல் விட்டால் அடுத்த முறை வரமாட்டான்.

தேறாத பெட்டியைக் காயலான் கடைக்குப் போடும்போது ஹார்டு டிஸ்க்கைக் கழற்றிக்கொள்ளுங்கள். அழித்த கோப்பையும் மீட்டெடுக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். நம் வாடிக்கையாளர் பெயர், போன் நம்பர், பாக்கி, நாம் வாங்கும் விலை எல்லாம் அதில்தான் இருக்கின்றன. 1.4.2023 முதல் நடைமுறைக்கு வந்த மின்னணுக் கழிவு விதிகளின்படி இப்படிப்பட்ட பொருள்கள் பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் போய்ச் சேர வேண்டும்.

புதுக் கம்ப்யூட்டர் வாங்க வேண்டாம் என்பது நம் வாதமல்ல. தேவை இருப்பவர்கள் தாராளமாக வாங்கட்டும். வாங்கும் முன், பழையதைத் தரம் பிரித்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள் என்பதே வேண்டுகோள். இவ்வளவையும் செய்ய நேரமில்லை என்பவர்கள் ஒன்றை மட்டுமாவது செய்யுங்கள். இன்று இரவு கடை சாத்தும் முன் கணக்கைப் பேக்கப் எடுத்து, பாக்கிப் பட்டியலை ஒரு பிரதி அச்சடித்து வீட்டுக்கு எடுத்துச் செல்லுங்கள்.